மணிக்கட்டு நரம்பை அல்ட்ராசவுண்டில் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை மரத்துப்போகிறது என்று மருத்துவரிடம் போனால், "மணிக்கட்டுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்" என்று எழுதித் தருவது இப்போது சகஜமாகிவிட்டது. ரிப்போர்ட்டில் "மீடியன் நரம்பு: 13 சதுர மில்லிமீட்டர்" என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் எப்படி வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்கேன் எடுப்பவர் பக்கத்திலிருந்து எழுதுவதால், அளவெடுக்கும் சங்கதிகள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

மணிக்கட்டில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அந்த நரம்பையா அளக்கிறீர்கள்?

இல்லை. அது ரத்தக்குழாய், சிரை. தமிழில் நாம் எல்லாவற்றையும் "நரம்பு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஊசி போட "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோம், கையில் "நரம்பு புடைத்திருக்கிறது" என்கிறோம். இரண்டு இடத்திலும் பேச்சு ரத்தக்குழாயைப் பற்றித்தான்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றோடொன்று தொட வைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு கயிறு போல எழும்பும். அதையும் பலர் நரம்பு என்பார்கள். அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் ஒன்றும் குறைவில்லை.

நாங்கள் அளக்கும் மீடியன் நரம்பு அந்தக் கயிற்றுக்குக் கீழே, சற்றுக் கட்டைவிரல் பக்கமாக ஓடுகிறது. வெளியில் தெரியாது, தொட்டாலும் பிடிபடாது. ஆனால் தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் அல்ட்ராசவுண்டுக்கு அது அவ்வளவு வசதி.

விரல் மரத்துப்போவதற்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான சந்து இருக்கிறது. கார்பல் டனல் என்பார்கள். அடியிலும் இரண்டு பக்கத்திலும் மணிக்கட்டு எலும்புகள், மேலே கூரை போல ஒரு தடித்த தசைநார்ப் பட்டை. இந்தச் சந்துக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. எலும்பும் நகராது, கூரையும் விரிந்து கொடுக்காது. தசைநாண்களின் உறை வீங்கினாலோ, உடம்பில் நீர் கோத்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறும். முதலில் அடிபடுவது நரம்புதான். இந்தக் கோளாறையும் சந்தின் பெயராலேயே கார்பல் டனல் என்று சொல்வோம்.

இந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருகிறது. மோதிரவிரலின் ஒரு பக்கம் மரத்து மறுபக்கம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், புரோபை, அதாவது தோல்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியை, கையில் எடுக்கும் முன்பே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ராத்திரி தூக்கத்தில் கை மரத்து எழுந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் இன்னும் தெளிவு. தூங்கும்போது மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் சந்துக்குள் அழுத்தம் கூடுகிறது.

உள்ளங்கையின் நடுப்பகுதிக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் உணர்வு தரும் கிளை மட்டும் சந்துக்கு முன்பே பிரிந்து, கூரைக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் விரல்கள் மரத்திருந்தாலும் உள்ளங்கை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

அழுத்தினால் நரம்பு மெலிந்துதானே போக வேண்டும்? தடித்திருக்கிறது என்கிறீர்களே?

நியாயமான கேள்வி. இரண்டுமே நடக்கிறது, ஆனால் வேறு வேறு இடத்தில். தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் மிதித்த இடம் தட்டையாகிறது, அதற்கு முன்னால் குழாய் உப்புகிறது. கிட்டத்தட்ட அப்படி. நெருக்கப்படும் இடத்தில் நரம்பு தட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். சந்துக்குள் நுழைகிற வாசலில், அதாவது முழங்கைப் பக்கமாக, வீங்கியிருக்கும். சிலருக்கு வெளியே வரும் இடத்திலும் ஒரு வீக்கம் இருக்கும்.

குழாய் உவமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம், நரம்புக்குள் தண்ணீர் ஓடுவதில்லை. அழுத்தத்தால் நரம்பின் உள்ளே ரத்த ஓட்டம் தேங்குகிறது, நீர் கசிந்து தங்குகிறது, நரம்பிழைகளுக்குள் நடக்கிற சரக்குப் போக்குவரத்தும் தடைபடுகிறது. நாள்பட்டால் நார்த்திசு சேர்ந்து நரம்பு நிரந்தரமாகவே தடிக்கிறது. இந்த வாசல் வீக்கம், சந்துக்குள் தட்டையாதல், கூரை புடைத்தல் என்ற மூன்றையும் சேர்த்து அல்ட்ராசவுண்டில் காட்டியவர்கள் புக்பெர்கர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும். 1991-இல் வந்த வேலை அது. மூன்றில் இன்று வரை அசையாமல் நிற்பது முதலாவதுதான்.

ஸ்கேன் எப்படி எடுப்பீர்கள்? வலிக்குமா?

வலிக்காது. கையை உள்ளங்கை மேலே பார்க்கத் தட்டையாக வைக்கச் சொல்வோம், மணிக்கட்டு நேராக, விரல்கள் தளர்வாக. ஜெல் தடவி, புரோபைக் குறுக்காக வைத்து மேலும் கீழும் நகர்த்துவோம். ஊசி இல்லை, ஷாக் இல்லை, கதிர்வீச்சு இல்லை. பட்டினி கிடக்கவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் எடுக்கலாம். கர்ப்ப காலத்தில் நீர் கோத்து இந்தத் தொல்லை வருவது சாதாரணம் என்பதால் நிறையவே எடுக்கிறோம்.

வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கிற அதே மெஷினா?

மெஷின் அதுவாக இருக்கலாம், புரோப் வேறு. வயிற்றுக்கு ஒலி ஆழமாகப் போக வேண்டும், அதனால் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த அதிர்வெண் கொண்ட வளைந்த புரோப். நரம்புக்கு ஆழம் தேவையில்லை, நுணுக்கம்தான் தேவை. 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸ், சில இடங்களில் அதற்கும் மேல், தட்டையான முகம் கொண்ட புரோப். 15 மெகாஹெர்ட்ஸில் உடல் திசுவுக்குள் ஒலியின் அலைநீளம் சுமார் 0.1 மில்லிமீட்டர். வயிற்றுப் புரோபில் அதுவே 0.3-க்கு மேல். சில மில்லிமீட்டரே உள்ள ஒரு பொருளின் விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையில் இது பெரிய வித்தியாசம். ரிப்போர்ட்டில் எந்தப் புரோப் என்று போட்டிருந்தால் நல்லது.

திரையில் எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது. நரம்பு எது, தசைநாண் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

குறுக்குவெட்டில் நல்ல நரம்பு தேனடை போலத் தெரியும். வெள்ளைச் சட்டத்துக்குள் கருப்புக் கருப்பாகச் சிறு வட்டங்கள். கருப்பு வட்டங்கள் நரம்பிழைக் கற்றைகள், வெள்ளை அவற்றைச் சுற்றியுள்ள இணைப்புத்திசு. தசைநாண் அப்படியல்ல. துடைப்பக்கட்டின் அடிப்பக்கத்தை நேராகப் பார்த்தால் எப்படி நெருக்கமாகப் புள்ளி புள்ளியாக இருக்குமோ அப்படி, பளிச்சென்று இருக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு வித்தை உண்டு. புரோபை நகர்த்தாமல் இடத்திலேயே லேசாகச் சாய்ப்பது. ஒலி செங்குத்தாக விழும்வரைதான் தசைநாண் பளிச்சிடும். சற்றுச் சாய்ந்தாலே விளக்கை அணைத்தது போல இருண்டுவிடும். நரம்பு அவ்வளவு சீக்கிரம் இருளாது. ஒன்பது தசைநாண்களும் கருத்துப்போய் நடுவில் நரம்பு மட்டும் தனியாக நிற்கும் அந்த ஒரு நொடி, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இன்னொரு வழி, முழங்கைப் பக்கத்திலிருந்து பின்தொடர்ந்து வருவது. முன்கையின் நடுவில் இந்த நரம்பு இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே தனியாகக் கிடக்கும், அங்கே குழப்பமே வராது. அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டுவரை கண்ணை எடுக்காமல் வந்தால் தவறவிட முடியாது. விரல்களை மடக்கி நீட்டச் சொன்னாலும் தெரிந்துவிடும். தசைநாண்கள் ஓடும், நரம்பு அவற்றுக்கு வழிவிட்டுச் சற்று ஒதுங்கும்.

நோய் முற்றிய நரம்பில் தேனடை மறைந்து மொத்தமும் ஒரே கருப்பாகிவிடும். அளவே எடுக்காவிட்டாலும் அந்தப் படம் ஒரு சேதி சொல்லும்.

எந்த இடத்தில் அளக்கிறீர்கள்?

சந்தின் வாசலில். மணிக்கட்டின் உள்பக்கம், சுண்டுவிரல் பக்க ஓரத்தில், மணிக்கட்டு ரேகையிலிருந்து சற்று உள்ளங்கைப் பக்கமாகத் தொட்டால் பட்டாணி போல ஓர் எலும்பு தட்டுப்படும். பிசிபார்ம் என்று பெயர், அந்தப் பெயருக்கே பட்டாணி வடிவம் என்றுதான் பொருள். அது திரையில் தெரியும் மட்டத்தில் அளப்பதுதான் பரவலான வழக்கம். சிலர் எலும்பைப் பார்க்காமல் வாசல் பகுதியில் நரம்பு எங்கே மிகப் பெரிதாக இருக்கிறதோ அங்கே அளப்பார்கள். இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே எண்ணைத் தராது. எந்த முறை என்று ரிப்போர்ட்டில் இல்லையென்றால் அடுத்த முறை ஒப்பிடுவதில் சிக்கல் வரும்.

அளப்பது என்றால் சரியாக என்ன செய்கிறீர்கள்?

படத்தை உறைய வைத்து, நரம்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைகிறோம். கோட்டுக்குள் அடங்கும் பரப்பை மெஷின் கணக்கிட்டுச் சொல்லும். இதுதான் குறுக்குவெட்டுப் பரப்பு, ரிப்போர்ட்டில் சி.எஸ்.ஏ. என்று சுருக்கமாக இருக்கும். வேலை அவ்வளவுதான். கஷ்டம் முழுவதும் கோட்டை எங்கே வரைவது என்பதில் இருக்கிறது.

நரம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும், அது வெளியுறை. கோடு அந்த வெள்ளைக்கு உள்விளிம்பில் போக வேண்டும், வெள்ளையைச் சேர்க்கக்கூடாது. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நரம்பு 6 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் உயரம் உள்ள ஒரு நீள்வட்டம் என்று வையுங்கள். பரப்பு சுமார் 9.9 சதுர மில்லிமீட்டர். இப்போது கோடு சுற்றிலும் வெறும் 0.2 மில்லிமீட்டர் வெளியே போய்விட்டது. அகலம் 6.4, உயரம் 2.5 ஆகிறது. பரப்பு 12.6! அதே நரம்பு, அதே படம், கை மட்டும் ஒரு மயிரிழை வெளியே போனது. முதல் எண்ணுக்கு "இயல்பு" என்று ரிப்போர்ட் வரும், இரண்டாவதுக்குக் "கார்பல் டனல்" என்று வரும்.

புரோபைச் சாய்த்துப் பிடிப்பதும் இதே மாதிரிதான். வாழைத்தண்டை நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம், பரப்பு கூடும். நரம்பின் போக்குக்குச் செங்குத்தாக இல்லாமல் 30 டிகிரி சாய்ந்தால் 10 என்பது 11.5 ஆகிவிடும். மணிக்கட்டில் நரம்பு தோலுக்கு இணையாகப் போகாமல் உள்ளே சற்று இறங்குகிறது, அதனால் இந்தத் தவறு நடப்பது சுலபம்.

கோடு வரையாமல் அகலம், உயரம் இரண்டை மட்டும் எடுத்து நீள்வட்டச் சூத்திரத்தில் போடுகிறவர்களும் உண்டு. வேகமான வழி. நரம்பு ஒழுங்கான நீள்வட்டமாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் நோய்ப்பட்ட நரம்பு பல நேரம் முக்கோணமாகவோ ஒரு பக்கம் பிதுங்கியோ இருக்கும். சுற்றி வரைவதுதான் என் கட்சி. மூன்று முறை வரைந்து சராசரி எடுத்தால் நிம்மதி.

புரோபை அழுத்திப் பிடித்தால் அளவு மாறாதா?

வடிவம் மாறும், நரம்பு சப்பையாகும். பரப்பு அவ்வளவாக மாறாது, பரப்பை நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் அழுத்தாமல், நடுவில் ஜெல் தாராளமாக இருக்க வைத்து எடுப்பதே நல்லது.

எத்தனை இருந்தால் நார்மல்?

எல்லாரும் முதலில் கேட்பது இது, நான் வேண்டுமென்றே பின்னால் தள்ளியிருக்கிறேன். மேலே உள்ள கணக்கைப் பார்த்த பிறகு இந்தப் பதிலைப் படிப்பது நல்லது.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு மணிக்கட்டில் மீடியன் நரம்பு பெரும்பாலும் 7 முதல் 10 சதுர மில்லிமீட்டருக்குள் இருக்கும். 10 அல்லது அதற்குச் சற்று மேல் என்பதைப் பல இடங்களில் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். ஆனால் வெளியான ஆய்வுகளைப் பார்த்தால் எல்லைக்கோடு 8.5 முதல் 15 வரை பரந்து கிடக்கிறது. யாரை ஆய்வில் சேர்த்தார்கள், எந்த மட்டத்தில் அளந்தார்கள், வெள்ளை வளையத்தைச் சேர்த்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுகிறது. பெரிய உடம்புக்காரருக்குப் பெரிய நரம்பு, ஆண்களுக்குச் சராசரியாகப் பெண்களைவிடக் கொஞ்சம் பெரிது.

எனவே 8 என்றால் நிம்மதி, 16 என்றால் பெரும்பாலும் சந்தேகமில்லை. 10, 11, 12 என்று வரும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும். அங்கே எண்ணைவிட உங்கள் தொந்தரவின் கதை முக்கியம்.

இந்த அளவீடு நம்பத்தக்கதா என்றால், நம்பத்தக்கதே. அமெரிக்காவின் நரம்புத்தசை, மின்நோயறிதல் மருத்துவச் சங்கம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மணிக்கட்டில் இந்த நரம்பின் பரப்பை அளப்பது கார்பல் டனல் கோளாறைக் கண்டறியத் துல்லியமான வழி என்று மிக உயர்ந்த தரத்திலான சான்றுகளோடு ஏற்றுக்கொண்டது.

மணிக்கட்டுப் பிரச்சினைக்கு முன்கையில் ஏன் புரோப் வைத்தார்கள்?

உங்கள் நரம்பை உங்கள் நரம்போடே ஒப்பிட. பிறவியிலேயே நரம்பு பெரிதாக உள்ள ஒருவருக்கு மணிக்கட்டில் 11 வந்தால் அது வீக்கமா, இயல்பா? முன்கையிலும் 10 இருந்தால் இயல்பு. முன்கையில் 6 இருந்து மணிக்கட்டில் 11 என்றால், நடுவழியில் ஏதோ நடந்திருக்கிறது.

2008-இல் ஹாப்சன்-வெப் குழுவினர் மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக 12 சென்டிமீட்டர் தள்ளி முன்கையில் ஓர் அளவெடுத்து, மணிக்கட்டு அளவை அதால் வகுத்துப் பார்த்தார்கள். 1.4 அல்லது அதற்கு மேல் போனால் சந்தேகப்படலாம் என்றார்கள். அடுத்த ஆண்டு கிளாசர் குழுவினர் வகுப்பதற்குப் பதில் கழித்துப் பார்த்தார்கள். மணிக்கட்டிலிருந்து சற்று முழங்கைப் பக்கமாக முன்கையில் ஓர் அளவு, சந்தில் ஓர் அளவு, வித்தியாசம் 2 சதுர மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் கோளாறு.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் பொதுவாகவே கொஞ்சம் தடித்திருக்கலாம். சார்கோ-மேரி-டூத் போன்ற சில பரம்பரை நரம்பு நோய்களில் நரம்பு நெடுகிலும் மிகப் பெரிதாக இருக்கும். மணிக்கட்டை மட்டும் பார்த்தால் இவர்கள் எல்லாரும் கார்பல் டனல்தான். முன்கையிலும் புரோபை வைத்தால்தான் கதை மாறும். கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும் வேலை, அதைச் செய்யாமல் விடுவதை நான் சோம்பல் என்றே சொல்வேன்.

ரிப்போர்ட்டில் வேறு என்னென்னவோ எழுதியிருக்கிறதே?

நரம்பின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் தட்டைத்தன்மை விகிதம். கூரைப்பட்டை மேல்நோக்கி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது இன்னோர் அளவு. நீளவாக்கில் பார்க்கும்போது கூரையின் ஓரத்தில் நரம்பு சட்டென்று ஒடுங்கித் தெரிந்தால் அதை வெட்டுத்தடம் போல என்று எழுதுவோம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் நரம்புக்குள் ரத்த ஓட்டம் கூடுதலாகத் தெரிவதும் உண்டு. எல்லாம் துணைச் சாட்சிகள். பரப்பு இயல்பாக இருக்கும்போது தட்டையாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

"நரம்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது" என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். மீடியன் நரம்பு சிலருக்கு மணிக்கட்டுக்கு முன்பே இரண்டு கிளையாகப் பிரிந்துவிடும், அப்படியொன்றும் அபூர்வமில்லை. நடுவே சிறு தமனி ஒன்று கூடவே ஓடுவதும் உண்டு. கருவில் இருக்கும்போது கைக்கு ரத்தம் கொடுத்த அந்தக் குழாய் வழக்கமாக மறைந்துவிட வேண்டும், சிலருக்குத் தங்கிவிடுகிறது.

அளவெடுப்பவருக்கு இதில் வேலை உண்டு. ஒரு கிளையை மட்டும் அளந்தால் நோய் தப்பிவிடும், இரண்டையும் நடுவிலுள்ள தமனியையும் சேர்த்து வளைத்துக் கோடு போட்டால் இல்லாத நோய் வந்துவிடும். தனித்தனியாக அளந்து கூட்ட வேண்டும். இப்படிப்பட்ட நரம்புக்கு எல்லையும் கொஞ்சம் தளர்வு. கழித்துப் பார்க்கும் முறையில் 2-க்குப் பதில் 4 என்று கிளாசர் குழுவினரே பின்னால் சொன்னார்கள். ஆபரேஷன் செய்யப்போகிறவருக்கும் ஊசி போடுகிறவருக்கும் இந்தத் தகவல் முன்கூட்டியே தெரிவது நல்லது.

ஷாக் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் ஏற்கெனவே எடுத்துவிட்டேன். இது எதற்கு?

அது நரம்புக் கடத்தல் பரிசோதனை. நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று அது சொல்லும், நரம்பு எப்படி இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும். சாலையில் போக்குவரத்து மெதுவாகிறது என்று அது கண்டுபிடிக்கும். குழியா, விழுந்த மரமா என்று இது காட்டும்.

சந்துக்குள் ஒரு நீர்க்கட்டி, தசைநாண் உறையில் வீக்கம், கூடுதலாக நுழைந்த ஒரு தசை, நரம்பிலேயே வளர்ந்த ஒரு கட்டி என்பதெல்லாம் ஷாக் டெஸ்ட்டுக்குத் தெரியாது. மறுபக்கம், நரம்பிழைகள் எத்தனை செத்துப்போயின, அல்லது அந்த இழைகளின் மேலுறை மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று ஸ்கேனால் சொல்ல முடியாது. தீவிரத்தைத் தரம்பிரிக்க ஷாக் டெஸ்ட்தான் உறுதியானது. பரப்பு கூடக்கூட நோய் தீவிரம் என்பது மொத்தக் கூட்டத்தில் பார்த்தால் உண்மை, தனி ஆளுக்கு வைத்துப் பார்த்தால் அடிக்கடி பிசகும்.

ஒரு சின்ன வித்தியாசம்: கை சில்லிட்டிருந்தால் ஷாக் டெஸ்ட்டில் நரம்பு மெதுவாக இருப்பது போலக் காட்டும், கையைச் சூடாக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். ஸ்கேனுக்கு அந்தக் கவலை இல்லை.

போன வருடம் 11, இப்போது வேறு இடத்தில் 13. நோய் கூடிவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். கோடு 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தாலே எவ்வளவு மாறும் என்று பார்த்தோம். ஆள் வேறு, மெஷின் வேறு, அளந்த மட்டம் வேறு என்றால் 2 என்ற வித்தியாசத்தை நான் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். பழைய படங்களைக் கொண்டுவாருங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. படத்தில் கோடு எங்கே போட்டிருக்கிறது என்று பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்து கை நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்கேனில் எண் இன்னும் பெரிதாகத்தானே வருகிறது?

அப்படித்தான் வரும். கூரைப்பட்டையை அறுத்துவிட்ட பிறகு சில மாதங்களில் நரம்பு கொஞ்சம் வற்றும், ஆனால் பலருக்கு முழுதாகப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. உள்ளே சேர்ந்த நார்த்திசு அப்படியே இருக்கும். மரத்தல் போய், தூக்கம் வந்துவிட்டால் எண்ணைத் துரத்த வேண்டியதில்லை.

தொந்தரவு போகவே இல்லை, அல்லது போய்த் திரும்பி வந்தது என்றால் ஸ்கேனுக்கு நல்ல வேலை இருக்கிறது. பட்டை முழுதாக அறுபட்டிருக்கிறதா, ஓர் ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா, தழும்பு நரம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

எனக்குச் சுண்டுவிரல்தான் மரக்கிறது.

அப்படியானால் வேறு நரம்பு, அல்னார். மணிக்கட்டில் அது கார்பல் டனலுக்குள் போவதில்லை. பட்டாணி எலும்பை ஒட்டி, பிரெஞ்சு மருத்துவர் குயோன் 1861-இல் விவரித்த வேறொரு சந்து வழியாகத் தமனியோடு சேர்ந்து போகிறது. சைக்கிள் கைப்பிடியில் நெடுநேரம் உள்ளங்கையை ஊன்றுபவர்களுக்கு இங்கே அழுத்தம் வரும். அங்கே நீர்க்கட்டி இருந்தாலும் வரும், ஸ்கேனில் அது பளிச்சென்று தெரியும். ஆனால் சுண்டுவிரல் மரத்தலுக்குப் பெரும்பாலும் காரணம் முழங்கையில்தான் இருக்கும். மணிக்கட்டை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு நார்மல் என்று சொன்னால், முழங்கையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேன் நார்மல். ஆனால் ராத்திரி தூங்க முடியவில்லை. நான் கற்பனை செய்கிறேனா?

இல்லை. ஆரம்பக் கட்டத்தில் நரம்பு வீங்காமலே தொந்தரவு தரலாம். கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினாலும் இதே விரல்கள்தான் மரக்கும். சர்க்கரை, தைராய்டு, வாதம் எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்கேன் நார்மல் என்றால் இந்த இடத்தில், இன்றைக்கு, இந்த நரம்பு வீங்கவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

இதற்கு நேரெதிரான கூட்டமும் உண்டு: எண் 12, தொந்தரவு எதுவுமே இல்லை. அவர்களுக்கு வைத்தியம் வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமா?

ஆழமான கட்டி போன்ற விசேஷ சந்தேகங்களுக்கு உதவும். சாதாரணக் கார்பல் டனலுக்குத் தேவையில்லை. விரலை ஆட்டச் சொல்லி நரம்பு நகர்வதைப் பார்ப்பது அல்ட்ராசவுண்டில்தான் சுலபம்.

மெஷினே தானாக அளந்துவிடாதா?

நரம்பின் ஓரத்தைத் தானே கண்டுபிடித்துக் கோடு போடும் மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. நல்ல படத்தில் நன்றாகவே செய்கின்றன. ஆனால் சாய்த்துப் பிடித்த படத்தைக் கொடுத்தால் சாய்ந்த எண்ணைத்தான் அவையும் தரும்.

ஸ்டீராய்டு ஊசியை ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடலாமா?

போடலாம், இப்போது பலர் அப்படித்தான் போடுகிறார்கள். ஊசி முனை எங்கே இருக்கிறது என்று திரையில் தெரிவதால் நரம்பையும் தமனியையும் குத்தாமல் தவிர்க்கலாம். மருந்து நரம்பைச் சுற்றிப் பரவுவதையும் பார்க்கலாம்.

ஸ்கேனுக்கு வரும்போது என்ன செய்ய வேண்டும்?

வாட்சையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். ஒரு கையில்தான் தொந்தரவு என்றாலும் இரண்டு கையையும் காட்டுங்கள், இந்தக் கோளாறு இரண்டு பக்கமும் இருப்பது மிகச் சாதாரணம். எந்தெந்த விரல், விரலின் எந்தப் பக்கம், எந்த நேரத்தில் என்று முந்தின ராத்திரியே கவனித்து வையுங்கள். மணிக்கட்டு எலும்பு முன்பு முறிந்திருந்தாலோ ஆபரேஷன் ஆகியிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இரண்டு உள்ளங்கையையும் அருகருகே வைத்துக் கட்டைவிரல் அடியிலுள்ள மேட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் சதை வற்றிப் பள்ளமாக இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடக் கட்டைவிரல் ஒத்துழைக்காவிட்டாலோ, மரத்தல் வந்து வந்து போகாமல் நாள் முழுக்க நிற்க ஆரம்பித்திருந்தாலோ, ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவரை அந்த வாரமே பாருங்கள். எண்ணைப் பிறகு அளந்துகொள்ளலாம்.